வேட்டை நிலத்தில் உயரப் புல் மறைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், அயோவா, இல்லினாய், விஸ்கான்சின், மிசூரி போன்ற மாநிலங்களில், மான் வேட்டைக்கென்றே நிலம் வைத்திருப்பவர்கள் ஏராளம். அந்த நிலத்தின் ஓரங்களில் ஆளுயரத்தையும் தாண்டி வளரும் பல்லாண்டுப் புல்லை வரிசையாக நட்டு மறைப்பு எழுப்புவது அங்கே பரவலான வழக்கம். அங்கே நிலம் வாங்கிப் போட்ட நண்பர்கள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு என் பதில்கள் இவை.

மான் வேட்டைக்கும் புல் வேலிக்கும் என்ன தொடர்பு?

அங்கே வேட்டையாடப்படுவது பெரும்பாலும் வெள்ளைவால் மான். அசைவைக் கண்டுபிடிப்பதில் அது மகா கெட்டி. வேட்டைக்காரர் போட்டிருக்கும் ஆரஞ்சு நிறச் சட்டை அதன் கண்ணுக்கு நமக்குத் தெரிவதுபோல் பளிச்சென்று தெரியாது. ஆனால் அந்தச் சட்டைக்குள் இருக்கும் கை கொஞ்சம் அசைந்தால் போதும், தலையைத் தூக்கிவிடும். இரண்டு மூன்று முறை மனித நடமாட்டத்தைப் பார்த்துவிட்டால் பகலில் அந்தத் திறந்தவெளிக்கு வருவதையே நிறுத்திக்கொள்ளும். இருட்டிய பிறகுதான் மேயவரும். சட்டப்படி வேட்டையாடும் நேரமோ பகல்.

இன்னொரு காரணம் சாலை. காரில் போகிறவர்களுக்குக் கொம்பன் மான் ஒன்று வயலில் நிற்பது தெரிந்தால் வண்டி நிற்கும். பெரும்பாலும் வேடிக்கை பார்க்கத்தான். சில நேரம் துப்பாக்கியோடும். பொதுச் சாலையிலிருந்து சுடுவது பெரும்பாலான மாநிலங்களில் குற்றம். அப்படிச் சுடுகிறவர்களைப் பிடிக்க வனவிலங்கு அதிகாரிகள் தலையாட்டும் பொம்மை மானை ஓரமாக நிறுத்திவைத்துக் காத்திருப்பதும் உண்டு. குற்றம் நடந்த பின் பிடிப்பதைவிட மான் கண்ணில் படாமல் இருப்பது மேல் என்றுதான் நில உரிமையாளர்கள் புல் நடுகிறார்கள்.

எந்தப் புல்லை நடலாம்?

இரண்டு பெயர்களைத்தான் அதிகம் கேள்விப்படுவீர்கள்: ஜயன்ட் மிஸ்காந்தஸ், ஸ்விட்ச் கிராஸ். இரண்டும் ஒரு முறை நட்டால் ஆண்டுதோறும் தானே துளிர்ப்பவை. மற்றபடி குணம் வேறு வேறு.

மிஸ்காந்தஸ் கரும்புக்கு நெருங்கிய உறவு. தூரும் தோகையுமாகப் பார்த்தாலே தெரியும். நன்றாக வேர்பிடித்தபின் 10 முதல் 12 அடி வரை போகும். ஜப்பானிலிருந்து இந்தக் கலப்பினத்தை 1935இல் டென்மார்க்குக்குக் கொண்டுவந்தவர் ஆக்செல் ஓல்சன் என்பவர். பிறகு ஐரோப்பாவிலும் இல்லினாய் பல்கலைக்கழகத்திலும் எரிபொருள் பயிராக இதை ஆராய்ந்தார்கள். எரிபொருள் திட்டங்கள் எதிர்பார்த்த வேகத்தில் வளரவில்லை. வேட்டைக்காரர்கள் இதைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

ஸ்விட்ச் கிராஸ் அந்த மண்ணுக்கே உரியது. வட அமெரிக்காவின் உயரப் புல்வெளிகளில் ஆதிகாலம் தொட்டு வளர்வது. சாதாரணமாக 5, 6 அடி. சில ரகங்கள் அதற்கும் மேல். இல்லினாயின் தென்கோடியில் ஓஹையோ ஆற்றங்கரையில் கேவ் இன் ராக் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே கிடைத்த ரகத்துக்கு அந்த ஊரின் பெயரையே வைத்து 1973இல் வெளியிட்டார்கள். நிமிர்ந்து நிற்கும் குணத்துக்காக இன்றும் பலர் முதலில் தேடுவது இதைத்தான். கன்லோ ரகம் இன்னும் உயரம், ஈர நிலத்திலும் வளரும். ஆனால் அது ஓக்லஹோமாவைச் சேர்ந்தது, விஸ்கான்சின் குளிருக்குத் தாக்குப்பிடிக்கும் என்று நம்பி வாங்காதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால்: சாலையோரத்துக்கு, அதாவது குறுகலான இடத்தில் உயரமான சுவர் வேண்டும் என்றால், மிஸ்காந்தஸ். அகலமாக இடம் இருந்து, மான் படுத்துறங்கவும் ஓர் இடம் அமைய வேண்டும் என்றால் ஸ்விட்ச் கிராஸ். இரண்டுக்கும் நாள் முழுக்க நல்ல வெயில் வேண்டும். மரநிழலில் நட்டுவிட்டு ஏன் நோஞ்சானாக நிற்கிறது என்று கேட்பவர்கள் ஆண்டுக்கு ஒருவராவது வருவார்கள்.

மிஸ்காந்தஸ் ஊரெல்லாம் பரவிவிடாதா?

சரியான மிஸ்காந்தஸ் பரவாது. சிக்கலே அந்தச் ‘சரியான’ என்பதில்தான். ஜயன்ட் மிஸ்காந்தஸ் இரண்டு இனங்களின் கலப்பு. ஒரு பெற்றோருக்கு 38 குரோமோசோம், மற்றதற்கு 76; இரண்டிலும் பாதி சேர்ந்து பிள்ளைக்கு 57, அதாவது 19 வீதம் மூன்று தொகுதி. மூன்று தொகுதிகள் ஜோடி சேர முடியாததால் முளைக்கும் விதை உண்டாகாது. கிழங்கும் தூரைச் சுற்றி மெல்லத்தான் அகலும்.

ஆனால் அதன் பெற்றோர்களில் ஒன்றான சீன வெள்ளிப்புல் அழகுச் செடியாக நாற்றுப்பண்ணைகளில் கிடைக்கிறது. அது விதை போடும்; அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் சாலையோரங்களையும் காட்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டு தொல்லை கொடுக்கும் களை. இன்னொரு பெற்றோர் நிலத்தடிக் கிழங்கால் ஓடிப் பரவும். ‘மிஸ்காந்தஸ்’ என்ற பெயரை மட்டும் பார்த்து மலிவாக வாங்கினால் இவற்றில் ஏதோ ஒன்று வந்து சேரலாம். விதையாக விற்றால் அது நீங்கள் தேடும் புல் அல்ல. கிழங்காகவோ கிழங்கிலிருந்து எடுத்த நாற்றாகவோ மட்டும்தான் அது வரும்.

அருண்டோ என்ற ராட்சத நாணலையும் ஃப்ராக்மைட்டிஸ் நாணலையும் இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். முதலாவது கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸின் ரியோ கிராண்டே கரையிலும் ஆற்றோரங்களை விழுங்கியது. இரண்டாவதன் வெளிநாட்டு வகை பேரேரிகளின் சதுப்புகளை அடைத்துக்கொண்டது.

நம் ஊர் மாட்டுத் தீவனமான கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை நடலாமே? எனக்கு அது பழக்கமானது.

பழக்கம் வீண்போகாது, புல்தான் பயன்படாது. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும் மூன்று தொகுதிக் குரோமோசோம் கொண்ட மலட்டுக் கலப்பினமே. அதனால்தான் நம் ஊரில் அதைக் கரணையாகவோ வேர்விட்ட தூராகவோ நடுகிறோம். மிஸ்காந்தஸின் கதையும் அதே. ஆனால் நேப்பியர் வெப்பநாட்டுப் புல். அயோவாவின் சனவரி மாதத்தில் மண் உறைந்து பாறையாகும்போது வேரோடு செத்துவிடும். கரணை நட்டுப் பழகிய கைக்கு மிஸ்காந்தஸ் கிழங்கு நடுவது புது வேலையாக இருக்காது. அந்த அளவுக்கு ஆறுதல்.

எங்கே நடுவது? சாலையோரம் முழுக்கவா?

பெரும்பாலோர் நிலத்தின் வரைபடத்தை எடுத்து, சாலைப் பக்கம் ஒரு கோடு கிழித்து, அதோடு விட்டுவிடுகிறார்கள். சாலைக் கண்ணிலிருந்து மானை மறைப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, என்னைக் கேட்டால் பெரிய பாதி, மானின் கண்ணிலிருந்து உங்களை மறைப்பது.

வண்டியை நிறுத்தும் இடத்திலிருந்து மரத்தில் கட்டிய பரணுக்கு எப்படிப் போகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். தீவனக் கொல்லையில் குளோவரும் டர்னிப்பும் விதைத்து மானை வரவழைத்தாயிற்று. அந்தக் கொல்லையின் ஓரமாகவே நடந்து போய்ப் பரணில் ஏறினால், மான் உங்களைப் பார்த்து ஓடிய பிறகு காலி நிலத்துக்குக் காவல் இருக்கிறீர்கள் என்று பொருள். மாலையில் இறங்கும்போது இன்னும் மோசம்: கொல்லையில் பத்து மான் மேய்ந்துகொண்டிருக்கும், நீங்கள் பரணில் மாட்டிக்கொண்டு நிற்பீர்கள். நடைபாதையின் ஒரு பக்கம், அல்லது இரு பக்கமும், புல் சுவர் இருந்தால் அதன் மறைவில் போய் வரலாம். பரண் 15, 20 அடி உயரத்தில் இருப்பதால் மேலிருந்து பார்க்கும்போது புல் உங்கள் பார்வையை மறைக்காது.

இங்கே ஒரு நுணுக்கம். மிஸ்காந்தஸின் இலைகள் கடும்பனிக்குப் பின் காய்ந்து உதிர்ந்து பாதையில் மெத்தையாகக் கிடக்கும். அதன்மேல் விடியற்காலையில் உறைபனி படிந்திருக்க, நீங்கள் கால் வைத்தால் அப்பளம் நொறுங்குவதுபோல் சத்தம். பார்வைக்கு மறைந்து காதுக்கு அகப்படுவதில் என்ன பயன்? பருவம் தொடங்கும் முன்பும் இலையுதிர்ந்த பின்பும் பாதையை வாரிச் சுத்தம் செய்யுங்கள். புல்லுக்கும் பாதைக்கும் நடுவே நாலைந்து அடி விட்டால் வேலை குறையும்.

மோப்பத்தைப் புல் தடுக்காது. காற்று உங்களிடமிருந்து மானை நோக்கி வீசினால் எவ்வளவு அடர்ந்த மறைப்பும் வீண். மாலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி வழியும், காலை வெயிலில் மேலே ஏறும். மான் படுக்கும் பள்ளத்துக்கு மேற்சரிவில் பாதை போட்டு இரு பக்கமும் புல் நட்டாலும் மாலை நேரத்தில் உங்கள் வாடை நேராக அங்கேதான் போய் இறங்கும். ஆகவே முதலில் காற்றுக்கு ஏற்ற பாதை, பிறகு பாதைக்கு ஏற்ற புல். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

300 அடி நீளத்துக்கு எவ்வளவு வாங்க வேண்டும்?

மிஸ்காந்தஸ் என்றால் மூன்று வரிசை, வரிசைக்கு வரிசை 3 அடி, செடிக்குச் செடி 3 அடி. வரிசைக்கு சுமார் 100 வீதம் 300 கிழங்கு. பாடுவாசி, அதாவது முளைக்காமல் போன இடங்களை, நிரப்பப் பத்து சதவீதம் கூட்டி 330 வாங்குங்கள். அடுத்தடுத்த வரிசைகளில் செடிகள் நேருக்கு நேர் நிற்காமல் இடைவெளிக்கு எதிரே அமையும்படி முக்கோண நடவு செய்யுங்கள். இலை உதிர்ந்த பின் வெறும் தண்டுதான் மறைப்பு என்பதால் ஒற்றை வரிசையும் நேர்வரிசையும் டிசம்பரில் சல்லடை ஆகிவிடும்.

ஸ்விட்ச் கிராஸ் என்றால் குறைந்தது 20 அடி அகலம் வேண்டும். 300 அடிக்கு 20 அடி என்பது 6,000 சதுர அடி, ஏக்கரில் ஏழில் ஒரு பங்கு. ஏக்கருக்கு 8 பவுண்டு வீதம் ஒரு பவுண்டுக்குச் சற்று மேல், ஏறத்தாழ அரைக் கிலோ. இது உயிருள்ள தூய விதையின் கணக்கு. பையில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள்: தூய்மை 95 சதவீதம், முளைப்புத்திறன் 80 சதவீதம் என்று இருந்தால் இரண்டையும் பெருக்கி 76 சதவீதம்தான் கணக்கில் வரும். அப்போது அரைக் கிலோவுக்குப் பதில் சுமார் 650 கிராம் போட வேண்டும்.

கிழங்கு பெட்டியில் வந்து சேர்ந்தது. நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வந்த அன்றே பிரியுங்கள். விரல் தடிப்பில், இஞ்சித் துண்டுபோல் கணுவும் மொட்டுமாக இருக்கும். இரண்டு மூன்று மொட்டாவது உள்ள, நாலைந்து அங்குல நீளத் துண்டு நல்லது. ஒன்றை உடைத்துப் பாருங்கள்: உள்ளே வெளிர் நிறமாக, உறுதியாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பேறி, பஞ்சுபோல் அமுங்கினாலோ சக்கையாக முறிந்தாலோ செத்த கிழங்கு. அன்றே நட முடியாவிட்டால் ஈரமான மரத்தூளில் பொதிந்து குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். கிழங்குக்குப் பெரிய எதிரி ஈரமின்றிக் காய்ந்துபோவதுதான். வெயிலில் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நடுவதைவிட ஈரச் சாக்கில் மூடிவைத்து எடுத்து எடுத்து நடுங்கள்.

ஏப்ரல் நடுவிலிருந்து மே முடிய நடலாம். 3, 4 அங்குல ஆழம். மொட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவலைப்பட வேண்டாம். மண்ணைக் காலால் நன்றாக மிதித்து இறுக்குங்கள்.

முதல் ஆண்டு புல்லே தெரியவில்லை, களைதான் தெரிகிறது. தோற்றுவிட்டேனா?

இந்தக் கேள்வி சூலை மாதம் தவறாமல் வரும். தோற்கவில்லை, ஆனால் தோற்கப் போகும் இடம் இதுதான். முதல் ஆண்டில் புல் தன் பலத்தையெல்லாம் வேருக்குக் கொடுக்கும். மேலே இருப்பது மெலிந்த நாலு தாள். அதே நேரத்தில் தினையின் காட்டுச் சொந்தமான ஃபாக்ஸ்டெயில் அதன் தலைக்கு மேல் குடை பிடித்துவிடும். முதல் இரண்டு ஆண்டுகள் களையை அடக்கியவருக்கு அப்புறம் பல ஆண்டுகளுக்கு வேலையில்லை. அடக்காதவருக்கு மறைப்பும் இல்லை.

நடுவதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே வேலையைத் தொடங்குங்கள். இடத்தில் இருக்கும் பழைய புல்லைக் கிளைபோசேட் தெளித்துக் கொல்லுங்கள். வசந்தத்தில் மீண்டும் துளிர்ப்பதற்கு இன்னொரு முறை. நட்ட பிறகு வரிசைகளுக்கு நடுவே கொத்துவதோ புல்வெட்டியை ஓட்டுவதோ போதும். 300 அடியை வாரக் கடைசி ஒன்றில் இரண்டு பேர் கொத்தி முடித்துவிடலாம். அகன்ற இலைக் களைகளுக்குப் புல் வேர்பிடித்த பின் 2,4-டி வகை மருந்து உண்டு. களை முளைக்குமுன் தெளிக்கும் அட்ரசினைப் பற்றி நிறையச் சொல்வார்கள். அது அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. உரிமம் பெற்றவர்தான் வாங்கித் தெளிக்க முடியும், கிணற்றுக்கும் ஓடைக்கும் அருகே கூடாது. எந்த மருந்தானாலும் டப்பாவில் உள்ள சீட்டில் அந்தப் பயிரும் அளவும் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் அந்தச் சீட்டை மீறுவதே சட்டமீறல்.

தழைச்சத்து உரம் முதல் ஆண்டு வேண்டவே வேண்டாம். நீங்கள் போடும் யூரியாவைப் புல்லுக்கு முன் களை தின்றுவிடும்.

ஸ்விட்ச் கிராஸ் விதை முளைக்கவே இல்லையே?

புது விதைக்கு உறக்கம் அதிகம். ஈரத்திலும் குளிரிலும் சில வாரங்கள் கிடந்தால்தான் விழிக்கும். அதனால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், மண் இரவில் உறைந்து பகலில் இளகும் காலத்தில், பழைய பயிரின் தாள் நின்ற வெற்று நிலத்தின்மேல் தூவிவிடுவார்கள். உறைந்து இளகும் மண் தானே விதையை உள்ளே இழுத்துக்கொள்ளும். மே மாதத்தில் விதைப்பதானால் கால் அங்குலத்துக்கு மேல் ஆழம் போகாதீர்கள். முளைத்த பின்னும் முதல் ஆண்டு கண்ணுக்குத் தெரியாது, இரண்டாம் ஆண்டு தெரியும், மூன்றாம் ஆண்டு பாயும். உழுது அழித்துவிடும் ஆசை முதல் ஆகஸ்டில் வரும். மண்டியிட்டுத் தேடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அதுவரை மறைப்புக்கு என்ன செய்வது?

மிஸ்காந்தஸ் முதல் ஆண்டு இடுப்பளவோ நெஞ்சளவோ வரும், இரண்டாம் ஆண்டு தலையைத் தாண்டும், மூன்றாம் ஆண்டுதான் முழு உயரம். இடைக்காலத்துக்கு ‘எகிப்திய கோதுமை’ விதைக்கலாம். பெயர்தான் கோதுமை, உண்மையில் அது சோளம். ஒரே பருவத்தில் 8 அடிக்கு மேல் வளரும். கதிர் கனத்தாலும் காற்றாலும் பனியாலும் குளிர்காலத்தில் சாய்ந்துவிடும், பறவைகள் கொண்டாடும். இதைப் பல்லாண்டுப் புல் வரிசையின் மேலேயே விதைக்காதீர்கள், நிழல் விழுந்து இளம்புல் வீணாகும். சாலைப் பக்கம் தனிப் பட்டையாக விதையுங்கள்.

முதல் குளிர்காலத்தில் பாதி செத்துவிட்டது என்கிறார்களே?

நடக்கும். மிஸ்காந்தஸ் கிழங்கு கிடக்கும் ஆழத்தில் மண் வெப்பநிலை சுமார் மைனஸ் 3.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் பாதிக் கிழங்குகள் வரை இறக்கலாம் என்று ஐரோப்பிய ஆய்வுகள் காட்டின. தூர் கட்டிய இரண்டாம் ஆண்டுக்குப் பின் அபாயம் குறைகிறது. வெண்பனி மூடியிருந்தால் அதுவே போர்வை. பனியில்லாத கடுங்குளிர்தான் கொல்லும். முதல் ஆண்டு வளர்ந்த தாளை அறுக்காமல் விட்டு, மேலே வைக்கோல் பரப்புங்கள். வசந்தத்தில் துளிர் வரத் தாமதமாகும். மே கடைசி வரை பார்த்துவிட்டுப் பாடுவாசி நிரப்புங்கள்.

மான் இதைத் தின்றுவிடாதா?

பெரிதாகச் சீண்டாது. அதுவும் ஒரு வசதி.

தீப்பிடிக்குமா?

பிடிக்கும். மார்ச் மாதத்துக் காய்ந்த புல் வரிசை ஒரு திரி. வீடு, கொட்டகை, எரிவாயுத் தொட்டி ஆகியவற்றின் அருகே நடக் கூடாது. நெடுக ஒரு பக்கம் உழுத பட்டையோ குட்டையாக வெட்டிப் பராமரிக்கும் பசும்புல் பட்டையோ தீத்தடுப்பாக இருக்கட்டும். ஸ்விட்ச் கிராஸைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எரித்துப் புதுப்பிப்பது அங்கே வழக்கம்தான். அனுமதியும் அனுபவமுள்ள ஆட்களும் இல்லாமல் தீப்பெட்டியை எடுக்காதீர்கள். பழைய தாளை அகற்ற வேண்டுமானால் புதுத் துளிர் வருமுன் வெட்டிவிட்டாலே போதும்.

சாலையை ஒட்டியே நடலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

சாலையின் இருபுறமும் அரசுக்கு உரிய பட்டை இருக்கிறது. அதில் நட்டால் வெட்டிவிட்டுப் போவார்கள். சந்திப்புகளில் வண்டியோட்டியின் பார்வையை மறைக்கவும் கூடாது. இவற்றைவிடப் பலர் மறப்பது பனி. உயரப் புல் வரிசை பனியைத் தடுத்துத் தன் பின்புறத்தில் குவிக்கும். இதற்கென்றே நெடுஞ்சாலை ஓரங்களில் செடிவேலி வளர்ப்பதும் உண்டு. சரியான தூரத்தில் நட்டால் சாலைக்கு நல்லது, மிக அருகில் நட்டால் குவியல் சாலைமேலேயே விழும். உங்கள் நிலம் காற்று வரும் பக்கமாக இருந்தால் நன்றாகத் தள்ளி நடுங்கள். உள்ளூர் சாலைத்துறையிடம் தூரத்தைக் கேட்டுவிடுவது நல்லது.

பயிரிடாமல் புல்லோ மரமோ வளர்க்க நில உரிமையாளருக்கு அமெரிக்க அரசு பணம் கொடுக்கும், 1985இல் தொடங்கிய நிலப் பாதுகாப்புத் திட்டத்தில் உங்கள் நிலம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பத்துப் பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் அது. அதில் என்ன நடலாம் என்பது எழுதப்பட்டிருக்கும். உள்நாட்டுப் புல்லான ஸ்விட்ச் கிராஸுக்கு இடம் கிடைப்பதுபோல் மிஸ்காந்தஸுக்குக் கிடைக்காது.

நான் வேட்டையாடுவதில்லை, சைவம். நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறேன். எனக்கு எதற்கு இது?

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை அடைத்துவிட்டதால் நம்மில் பலருக்கு வேட்டைக் குத்தகை என்பதே புதிராக இருக்கும். அமெரிக்காவில் மான் மாநிலத்துக்குச் சொந்தம், நிலத்துக்குள் நுழையும் உரிமை உங்களுக்குச் சொந்தம். குத்தகைக்காரர் பணம் கொடுப்பது அந்த நுழைவுக்கு. மறைப்பும் மறைவான பாதையும் உள்ள நிலத்துக்கு வாடகை பேசுவது எளிது. ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: புல் மறைப்பை நோக்கிச் சுடக் கூடாது. புல்லுக்குப் பின்னால் சாலையில் யார் போகிறார்கள் என்பது சுடுகிறவருக்குத் தெரியாது, புல் தோட்டாவைத் தடுக்கவும் தடுக்காது.

வேண்டாம் என்றால் அகற்ற முடியுமா?

முடியும், ஒரே நாளில் அல்ல. வசந்தத்தில் வெட்டி, முழங்கால் உயரம் துளிர்த்ததும் கிளைபோசேட் தெளித்து, பிறகு உழுது, மீண்டும் துளிர்ப்பதற்கு மீண்டும் தெளிக்க வேண்டும். அடுத்த ஆண்டும் இதே வேலை இருக்கும். உழும்போது உடைந்த கிழங்குத் துண்டுகளை ஓடைக்கரையில் கொட்டாதீர்கள். விதையில்லாத இந்தப் புல் வேறிடத்தில் போய் முளைக்க அதுதான் வழி.